சிவப்புக் கோட்டில் ஒரு வாசக்கால்

மஸ்கட்
12.4.1996

மதிப்புக்குரிய சம்பத் மாமாவுக்கு, ஹேமநாத் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், கல்பனா, குழந்தை காவ்யா மூவரும் சௌக்கியம். உங்கள் சர்க்கரை எவ்வளவு, அக்காவின் முழங்கால் எப்படி என்று எழுதவும். சுருக்கமாக எழுதினால் போதும்.

அலிபிரி ரோட்டு வீட்டில் அஸ்திவாரம் முடிந்து பேஸ்மட்டம் வரை வந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள், மூன்றே வரியில். நான் பாலம் கட்டும் கம்பெனியில் தினமும் நாற்பது பக்கம் ரிப்போர்ட் படிக்கிறவன். மூன்று வரி எனக்குக் காலைச் சிற்றுண்டிக்குக்கூடக் காணாது.

கார்த்திகையில் வீடு முடிந்தால் போதும் என்று நான் சொன்னது உண்மை. இப்போது ஆகஸ்ட் 31-க்குள் முடிய வேண்டும். காரணம் பிறகு.

இதனுடன் ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழியாமல் பிரிக்கவும். சிவப்புக் கோட்டில் உள்ள வேலைகள் வாசக்கால் வைப்பது, சுவர், சென்ட்ரிங், தளம், பூச்சு, தரை. இவற்றில் ஒன்று ஒரு நாள் தள்ளினால் வீடே ஒரு நாள் தள்ளும். நீலக் கோட்டில் உள்ளவை செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், தண்ணீர்த் தொட்டி, கேட். இவை ஒரு மாதம் தள்ளினாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆள் கூட்டி வேலையைச் சீக்கிரம் முடித்தால் ஒரு செலவு. தாமதித்தால் வேறொரு செலவு. இரண்டும் சேர்ந்து எங்கே குறைவோ அங்கே போய் நிற்பதுதான் என் தொழில்.

வாசக்கால் ஜூன் 19, புதன், ஆனி ஐந்தாம் தேதி. ஆடியில் நல்ல காரியம் கூடாது என்பதை மறக்காமல் அதற்கு முன்பே போட்டிருக்கிறேன். ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். உண்மையில் அது அரை நாள் வேலை.

அக்காவுக்கு என் அன்பு.

ஹேமநாத்


அலிபிரி ரோடு, திருப்பதி
2.5.1996

மச்சான் ஹேமநாத்துக்கு, சம்பத்தின் ஆசிகள். சர்க்கரை இருநூற்றுப் பத்து. முழங்கால் இரண்டும் இருந்த இடத்தில் இருக்கின்றன. சுருக்கமாக எழுதிவிட்டேன்.

அட்டவணை கிழியாமல் வந்தது. கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கொட்டகை என்றால் எது என்று உனக்குக் குழப்பம் வரக் கூடாது. பொங்கலன்று எல்லார் எதிரிலும், 'கீழ்வீடு அக்காவுக்கு, ஆயுள் முழுக்க. மேலே நான் பிறகு கட்டிக்கொள்கிறேன்' என்று நீ சொன்னாய். அதை நம்பிப் பாலசமுத்திரத்து வீட்டில் என் பாகத்தைத் தம்பி செங்கல்வராயனுக்கு விட்டுக்கொடுத்து வந்தோம். நூற்றிருபது மூட்டை சிமெண்டும் நாங்களும் இப்போது ஒரே தகரக் கூரையின் கீழ். ஈரம் படாத பக்கம் சிமெண்டுக்கு.

மேஸ்திரி வெங்கடசாமி அட்டவணையின் முன் வெகு நேரம் நின்றார். வரதய்யபாளையத்துத் தெலுங்குக்காரர், தமிழ் நம்மைப் போலவே பேசுவார்.

"இன்னா சாமி இது, ரயில் வரப்படமா?"

"வீடு."

"வூடு எங்க கீது இதுல? ரோடுதான போய்க்கினே கீது."

நானும் தேடினேன். எனக்கும் அகப்படவில்லை.

கார்த்திகை ஏன் ஆகஸ்டாக மாறியது என்பதற்கு 'பிறகு' என்று எழுதியிருக்கிறாய். பிறகு என்கிற வேலை சிவப்புக் கோட்டில் இருக்கிறதா, நீலக் கோட்டில் இருக்கிறதா?

குழந்தையின் உடம்பைக் கவனித்துக்கொள்.

சம்பத்


மஸ்கட்
18.5.1996

மாமாவுக்கு வணக்கம். மூவரும் சுகம். சர்க்கரை இருநூற்றுப் பத்து என்பது கூடுதல். கோபம் வந்தாலும் ஏறும் என்று இங்கே டாக்டர் சொல்கிறார். கோபத்தைக் குறைக்கவும்.

காரணம் கேட்டிருக்கிறீர்கள். காரணத்தை விட எண் தெளிவானது. ஆகஸ்ட் 31-க்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எனக்கு முந்நூறு ரூபாய் நஷ்டம். ஆகவே ஒரு நாளைக் குறைக்க முந்நூறுக்குக் கீழே செலவானால் என்னைக் கேட்காமல் செய்யுங்கள். மேலே போனால் வேண்டாம். ஆள் தேவையென்றால் கூட்டுங்கள். மேஸ்திரிக்கு அட்டவணை புரிய வேண்டியதில்லை. பாலத்தின் மேல் போகும் லாரிக்குப் பாலம் புரிகிறதா?

என் படிப்புக்காக நீங்கள் இரண்டு மாம்பழப் பருவத்தின் வருமானத்தைச் செலவழித்ததை நான் மறக்கவில்லை. நீங்கள் அதைச் சொல்லிக்காட்டாமல் இருப்பதையும் ஒவ்வொரு கடிதத்திலும் கவனிக்கிறேன். அந்தப் படிப்பைத்தான் இப்போது உங்களுக்கு இலவசமாகத் திருப்பித் தருகிறேன்.

அக்காவை வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொல்லவும்.

ஹேமநாத்


திருப்பதி
6.6.1996

மச்சானுக்கு, சம்பத். கோபத்தைக் குறைத்துவிட்டேன். சர்க்கரை இருநூற்று முப்பது. உங்கள் டாக்டரிடம் சொல்.

இரண்டு செய்திகள். முதலாவது சிறியது. திங்களன்று ஒரு பையன் ஸ்கூட்டரில் வந்தான். கழுத்தில் டை, கையில் அளவு டேப். பேஸ்மட்டத்தின் மேல் ஏறி, இல்லாத சுவருக்கும் இல்லாத சுவருக்கும் நடுவே அளந்தான்.

"யார்ப்பா நீ?"

"கிரண்குமார் அங்கிள். ஹால்ல முப்பது டேபிள் புடிக்குமா?"

"பந்தி போடப் போறீங்களா?"

சிரித்தான். குறித்துக்கொண்டான். அக்கா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனான். முகவரி மாறி வந்திருப்பான். உன் அக்கா செம்பு எடுக்க உள்ளே போயிருந்தாள்; நாங்கள் பேசியது அவள் காதில் விழவில்லை. நான் அத்துடன் விட்டுவிட்டேன். நீயும் விட்டுவிடு.

இரண்டாவது பெரியது. வாசக்கால் ஜூன் 19 என்றேன் மேஸ்திரியிடம்.

"ஆஷாடத்துல வாசக்காலா? எங்காளு ஒருத்தன் கை வெக்க மாட்டான் சாமி."

"அது ஆனி மாசம்யா. நல்ல மாசம்."

"உங்களுக்கு ஆனி. எங்களுக்கு ஆஷாடம், உங்க ஆடி மாதிரி. அதுவும் இந்த வருசம் ரெண்டு. பதினேழாந்தேதி அதிக ஆஷாடம் பொறக்குது. அது முடிஞ்சா நெஜ ஆஷாடம். ஆகஸ்ட் பதினாலு வரிக்கும் வாசக்கால் பேச்சே கெடையாது."

"பதினாறு வரைக்கும் எங்களுக்கு ஆடி."

"பதினேழாந்தேதி வெச்சிக்கலாம். உங்களுக்கும் தோஷமில்ல, எங்களுக்கும் தோஷமில்ல."

விசாரித்தேன். அவர் சொல்வது சரி. தெலுங்குப் பஞ்சாங்கத்தில் இந்த வருடம் ஆஷாடம் இரட்டை. ஜூன் பதினேழுக்கு முன்பே வைத்துவிடலாம் என்று ஆசாரியிடம் ஓடினேன். வாசக்கால் முன்கூட்டி வந்தால் வெயிலில் விரிந்துவிடும், பதினெட்டாம் தேதி வந்தால் போதும் என்று நீ தாளில் போட்டிருந்ததை அவர் வேதமாக எடுத்துக்கொண்டு மரத்தை இன்னும் அறுக்கவே இல்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். பூத்தில் நிமிடத்துக்கு எழுபது ரூபாய். நாலு நிமிடத்துக்கு மேல் பேசினால் ஒரு நாளின் விலை தாண்டிவிடும். உன் விதியை நான் மீறவில்லை.

சம்பத்


மஸ்கட்
20.6.1996

மாமாவுக்கு. நாங்கள் சுகம். நீங்களும் சுகம் என்றே கொள்கிறேன்.

உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது ஜூன் 17 கடந்துவிட்டது. அது தற்செயல் என்று நம்ப முயல்கிறேன்.

இங்கே ஏழு நாட்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஏழு பேருக்கும் ஏழு பண்டிகை. எல்லாவற்றையும் அட்டவணையில் போட்டுத்தான் பாலம் கட்டுகிறேன். என் சொந்த ஊரில், என் சொந்த வீட்டில், ஒரே மாதம் இரண்டு தரம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வீடு தமிழனுடையது. தமிழனுக்கு ஆனி நல்ல மாதம். மேஸ்திரியின் ஆஷாடம் மேஸ்திரியின் வீட்டுக்கு. இதெல்லாம் மூடநம்பிக்கை என்பதைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அவர் மாட்டேன் என்றால் வேறு மேஸ்திரியைப் பிடியுங்கள்.

தாமதமான நாட்களை எப்படியாவது மீட்க வேண்டும். முப்பதாயிரம் அனுப்பியிருக்கிறேன். எதையெல்லாம் வேகப்படுத்த முடியுமோ அதையெல்லாம் வேகப்படுத்துங்கள்.

அளக்க வந்த பையனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். திருப்பதியில் வழி தவறுகிறவர்கள் அதிகம்.

ஹேமநாத்


திருப்பதி
8.7.1996

அன்பு மச்சானுக்கு, சம்பத் மனநிறைவுடன் எழுதுவது. சர்க்கரை இறங்கி நூற்றெண்பதாகியிருக்கிறது. கல்பனாவும் குழந்தையும் சுகமா? உனக்கு வயிற்று வலி வரப்போவதாகத் தோன்றுகிறது. சீரகத் தண்ணீர் குடி.

எதையெல்லாம் வேகப்படுத்த முடியுமோ அதையெல்லாம் வேகப்படுத்தச் சொல்லியிருந்தாய். செய்தேன். செப்டிக் டேங்க் பன்னிரண்டு நாள் வேலை. இரண்டு கோஷ்டி வைத்து ஐந்து நாளில் முடித்தேன். காம்பவுண்டு சுவர் பதினான்கு நாள். ஆறு நாளில் எழும்பி, பூசி, சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டி மூன்றே நாள். கேட்டுக்குப் புத்தூர் பட்டறையில் இரட்டைக் கூலி. ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக் குறைக்க ஆன செலவு முந்நூறுக்குள்தான். பல இடங்களில் இருநூற்றெண்பது. கல், சிமெண்டு, கூலி எல்லாம் சேர்த்துப் பணம் முப்பதாயிரமும் தீர்ந்தது.

சிவப்புக் கோட்டில் மட்டும் ஒன்றும் நகரவில்லை. இரண்டு வேறு மேஸ்திரிகளைக் கேட்டேன். ஒருவர் தெலுங்குக்காரர், அவருக்கு ஆஷாடம். மற்றவர் தமிழர், அவருடைய ஆட்கள் தெலுங்குக்காரர்கள்.

ஆகவே உனக்கு இப்போது சுற்றுச்சுவர் இருக்கிறது, கேட் இருக்கிறது, கேட்டுக்குப் பூட்டு இருக்கிறது. நடுவில் வீடு ஒன்றுதான் பாக்கி. மலைக்கு நடந்து போகிறவர்கள் நின்று எட்டிப்பார்க்கிறார்கள். நேற்று ஒருவர், "இன்னா கட்டிக்கினு கீறீங்க, சப் ஜெயிலா?" என்று கேட்டார்.

ஓய்வாக இருந்ததால் உன் முந்நூறை முப்பதால் பெருக்கிப் பார்த்தேன். ஒன்பதாயிரம் வந்தது. இந்த ரோட்டில் மாதம் ஒன்பதாயிரம் கொடுப்பவன் குடித்தனக்காரன் இல்லை. முப்பது டேபிள்காரன். அக்காவுக்கு இதை நான் சொல்லவில்லை. எந்தத் தேதியில் சொல்ல வேண்டும் என்று நீ தாளில் குறித்திருந்தால் அந்தத் தேதியில் சொல்லியிருப்பேன்.

நாளை மாங்காய் பறிப்புக்குப் பாலசமுத்திரம் போகிறேன். வர ஒரு வாரம் ஆகும். அவசரமில்லை, ஆஷாடம் எங்கும் ஓடிவிடாது.

சம்பத்


திருப்பதி
13.7.1996

தம்பி ஹேமுவுக்கு, அக்கா தாட்சாயணி எழுதுவது. நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். காவ்யா சோறு சாப்பிட ஆரம்பித்துவிட்டாளா? என் முழங்காலுக்குத் தைலம் போடுகிறேன். மாமா ஊரில் இருக்கிறார்.

நேற்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள், வாசக்கால் வைத்தாகிவிட்டது. வாசக்கால் வந்து மூன்று வாரமாகக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. நான்தான் மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

"வாணாம்மா. சாமி வரட்டும்" என்றார்.

"சாமி வந்தா ஆஷாடம் போயிடுமா?"

"தோஷம் யாருக்கும்மா? வெச்ச கைக்கு, வெக்கச் சொன்ன வாய்க்கு."

"சொன்னது என் வாய்தான். எனக்கே வரட்டும்."

"வாய் வார்த்த செல்லாதும்மா. எழுதிக் குடுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். போய்ப் பத்து ரூபாய்ப் பத்திரம் வாங்கிக்கொண்டு, எழுத ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மேஸ்திரி சொல்ல அவன் தெலுங்கில் எழுதினான். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அதில் இருப்பது இதுதான். இந்த வாசக்கால் அதிக ஆஷாடத்தில் தாட்சாயணி சொன்னதால் வைக்கப்பட்டது. தோஷம் மேஸ்திரியையும் ஆட்களையும் சேராது. தோஷம் வீட்டுக்குள் நுழையாதபடிக்கு, வைக்கச் சொன்ன தாட்சாயணி இந்த வீட்டில் ஒரு நாளும் குடியிருக்க மாட்டாள்.

கடைசி வரியைச் சொல்லும்போது மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். "யோசிச்சிக்கினு போடும்மா" என்றார். யோசித்துத்தான் போட்டேன்.

மஞ்சள் குங்குமம் நானே வைத்தேன். நவதானியம் போட்டேன். இனிச் சுவர் ஏறும். மற்ற வேலைக்கு ஆஷாடம் தடையில்லையாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மஸ்கட்
19.7.1996

மாமாவுக்கு. இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கப் போவதில்லை.

நீலக் கோட்டில் முப்பதாயிரத்தைக் கொட்டியிருக்கிறீர்கள். ஒரு மாதம் தள்ளினாலும் பாதகமில்லாத வேலைகளை இரட்டைக் கூலி கொடுத்து முடித்திருக்கிறீர்கள். அட்டவணை புரியாமல் இதைச் செய்ய முடியாது. என்னிடம் வேலை கற்ற யாரும் இவ்வளவு சீக்கிரம் இதைப் புரிந்துகொண்டதில்லை.

மறைக்க ஒன்றுமில்லை. ஆம், கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் சென்டர். ஹரிபாபு என்பவர் நடத்துகிறார். செப்டம்பர் முதல் தேதி சேர்க்கை, மூன்று வருட ஒப்பந்தம். காலம் மாறிவிட்டது, மாமா. அந்த ரோட்டில் ஒரு கீழ்வீட்டை இரண்டு பேர் படுத்து எழுந்திருக்க விடுவது வீண். பொங்கலன்று நான் சொன்னது பொங்கலன்று இருந்த நிலைமைக்கு. கீழ்வீடு அக்காவுக்கு என்று எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள், நான் கட்டுப்படுகிறேன்.

அக்காவுக்குச் சொல்லவில்லை என்று பெருந்தன்மையாக எழுதியிருக்கிறீர்கள். சொல்லுங்கள். அவள் என் பக்கம்தான் நிற்பாள். என் வீட்டைத் தடுக்கிற காரியத்தை அவள் ஒரு நாளும் செய்ய மாட்டாள்.

ஹேமநாத்


மஸ்கட்
26.7.1996

என் அன்பு அக்காவுக்கு, தம்பி ஹேமு ஆயிரம் வணக்கங்களுடன். உன் கடிதம் கண்டு கல்பனாவும் நானும் கண் கலங்கினோம். காவ்யா தயிர்ச்சோறு சாப்பிடுகிறாள். முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு நல்ல களிம்பு அனுப்புகிறேன்.

உன்னைப் போல் ஒரு அக்கா யாருக்கு உண்டு? மாமாவால் முடியாததை ஒரே காலையில் முடித்துவிட்டாய்.

பத்திரத்தைப் பற்றி யோசித்தேன். நான் படித்தவன்தான். ஆனாலும் பெரியவர்கள் ஒன்றைச் சொல்லிவைத்தால் அதில் அர்த்தம் இருக்கும். மேஸ்திரி அனுபவஸ்தர். தோஷம் என்று அவர் எழுதி வாங்கியிருக்கும்போது, அதையும் மீறி உன்னை அந்த வீட்டில் குடிவைத்து உனக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்னை மன்னிக்க மாட்டேன். ஆகவே மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கீழ்வீட்டை வாடகைக்கு விடத் தீர்மானித்தேன். அதிர்ஷ்டவசமாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரர் கேட்கிறார்.

உங்களுக்கு மேலே ஒரு அறை பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் எழுதியதை மாமாவிடம் சொல்ல வேண்டாம். அவருக்குச் சர்க்கரை ஏறும்.

ஹேமு


திருப்பதி
30.8.1996

திரு. ஹேமநாத் அவர்களுக்கு, சம்பத் எழுதுவது. வீடு நேற்று முடிந்தது. ஆகஸ்ட் 31-க்கு இரண்டு நாள் முன்னதாக. அந்த வகையில் உங்களுக்கு அறுநூறு ரூபாய் லாபம்.

பாலசமுத்திரத்திலிருந்து நான் திரும்பியபோது வாசக்கால் நின்றுகொண்டிருந்தது. உங்கள் அக்காவைப் பார்த்தேன். "வெச்சாச்சு" என்றாள். "ஏன்டி?" என்றேன். "கை கால் கழுவிக்கினு வா, துன்னலாம்" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் முடிந்த பேச்சைத் திரும்ப எடுத்ததில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் வேலையைத் தாமதிக்கவில்லை. சுவர் பதினான்கு நாள், தளம் ஜூலை 28, பதினைந்தாம் நாள் சென்ட்ரிங் பிரித்தோம், பூச்சும் தரையும் இரண்டு கோஷ்டி. உங்கள் அட்டவணையை ஒட்டியே நடந்தது. நல்ல அட்டவணை. வாசக்காலுக்கு அரை நாள் போதும் என்று எழுதியிருந்தீர்கள், அதுவும் சரி. காலை எட்டிலிருந்து பத்தேகால் வரைதான் ஆனதாம்.

பத்திரம் காட்டச் சொல்லியிருந்தீர்கள். என்னிடம் இல்லை. எங்கள் குடும்பத்தில் இதுவரை எழுதப்பட்ட ஒரே பத்திரம் உங்கள் அக்கா மேஸ்திரிக்கு எழுதிக்கொடுத்தது.

சாவியைக் கிரண்குமாரிடம் கொடுத்துவிட்டேன். கொட்டகையைப் பிரித்துத் தகரத்தைச் சுவரோரம் அடுக்கியிருக்கிறேன், எண்ணிக்கொள்ளலாம். நாங்கள் பாலசமுத்திரம் போகிறோம். மாந்தோப்பில் மோட்டார் கொட்டகையை ஒட்டி ஒரு சார்ப்பு இறக்கியிருக்கிறேன். அதற்கு அட்டவணை போடவில்லை. மூன்று நாளில் முடிந்தது.

குழந்தைக்கு எங்கள் ஆசிகள்.

பா. சம்பத்


மஸ்கட்
22.9.1996

அக்காவுக்கு, ஹேமு. சுகம்தானே? களிம்பு வந்ததா? மாமாவுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே உனக்கே எழுதுகிறேன்.

ஹரிபாபு கடைசி நேரத்தில் மறுத்துவிட்டார். திறப்பு விழாப் பூஜைக்கு வந்தவர் மேஸ்திரியிடம் வாசக்கால் எந்த முகூர்த்தம் என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து உன் பத்திரத்தை எடுத்துக் காட்டிவிட்டார். 'சொந்த அக்காவே குடிவர மாட்டேன்னு எழுதிக் குடுத்த வூட்ல நான் போய் கம்ப்யூட்டர் வெக்கறதா?' என்று கிளம்பிவிட்டாராம். முப்பது மேஜையும் லாரியில் ஏறி ரேணிகுண்டா ரோட்டுக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு கேட்டு வந்த இரண்டு பேரும் மேஸ்திரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவில்லை. அந்தத் தாளை லாமினேஷன் வேறு செய்து வைத்திருக்கிறாராம்.

அக்கா, நாம் படித்த குடும்பம். ஆஷாடம், தோஷம் என்பதெல்லாம் அறியாத ஜனங்கள் சொல்வது. ஒரு பத்து ரூபாய்த் தாள் உன்னைக் கட்டுப்படுத்தாது; வக்கீலைக் கேட்டுவிட்டேன். நீயும் மாமாவும் உடனே கீழ்வீட்டில் குடியேறுங்கள். நீங்கள் குடியிருப்பதை நாலு பேர் பார்த்தால் ஊர் வாய் அடங்கும். ஆறு மாதம் இருந்தால் போதும்.

டிசம்பரில் வருகிறேன். நேரில் பேசுவோம்.

ஹேமு


பாலசமுத்திரம்
6.10.1996

ஹேமநாத்துக்கு, தாட்சாயணி எழுதுவது. களிம்பு வந்தது. இங்கே தோப்பில் காற்று நன்றாக வருகிறது. மாமாவுக்குச் சர்க்கரை நூற்றைம்பது. உனக்கும் கல்பனாவுக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் வரக் கூடாது.

ஆறு மாதம் இருக்கச் சொல்கிறாய். முடியாது. எழுதிக்கொடுத்துவிட்டேன்.

அந்தப் பையன் கிரண்குமார் அளக்க வந்த அன்று, அவன் மாமாவிடம் பேசியது உள்ளே எனக்கும் கேட்டது. மோர்ச் செம்பைத் திரும்ப வாங்கும்போது தனியாகக் கேட்டேன். "எதுக்குப்பா முப்பது டேபிள்?" "செப்டம்பர்ல கிளாஸ் ஆரம்பிக்கிறோம் ஆன்ட்டி, அக்ரிமெண்ட் ஆயிடுச்சி" என்றான். நல்ல பையன். குடித்த செம்பைக் கழுவிக்கூடக் கொடுத்தான். மாமா எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படியே விட்டேன். கொஞ்ச நாள் அவர் உன் பணத்தில் சுவரும் கேட்டும் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மச்சான் பணத்தைத் தின்றவன் என்று நாளைக்கு நீ சொல்லப்போகிற மனிதர் அந்தக் கொட்டகையில் எனக்கு எதிரே உட்கார்ந்து தயாராகிக்கொண்டிருந்தார். கார்த்திகை வரை அவர் இழுத்திருப்பார். இழுத்தாலும் வீடு எங்களுக்கு வராது. அவருக்குக் கெட்ட பெயர் மட்டும் வரும்.

அதனால்தான் வாசக்காலை வைத்தேன். நாள் உனக்குத்தானே வேண்டியிருந்தது. இரண்டு மாதம் எடுத்துக்கொடுத்தேன். அதற்கு என்ன விலை என்று மேஸ்திரி கேட்டார். என்னிடம் இருந்தது அந்த வீடு ஒன்றுதான், அதைக் கொடுத்தேன். முந்நூறுக்குள் இல்லை. கேட்காமல் செய்துவிட்டேன்.

மேஸ்திரி தாளை எல்லாரிடமும் காட்டுகிறார் என்று எழுதியிருக்கிறாய். நான் காட்டச் சொல்லவில்லை. காட்ட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போன வாரம் இங்கே வந்திருந்தார், தோப்புச் சார்ப்புக்கு ஒரு வாசக்கால் வைத்துத் தர. நல்ல நாள் பார்த்து வைத்தோம்.

கிரண்குமார் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். ரிஜிஸ்டர் தபாலில் உனக்கு அனுப்பியிருக்கிறேன். பின்கதவுத் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம். மேலே தூக்கித் தள்ள வேண்டும்.

டிசம்பரில் வரும்போது மெட்ராசிலிருந்து நேராகத் திருப்பதிக்குப் போய்விடு. பாலசமுத்திரம் சுற்றுவழி. வந்தால் உனக்கு ஒரு நாள் வீண்.

தாட்சாயணி